இரண்டு நாரைகள்

ஆரஞ்சு நிற மழைச்சட்டையின் ஜிப்பைத் தங்கை மார்லீஸின் கழுத்துவரை இழுத்துவிட்டு, ரோஸ்வித்தா மறுபடி கட்டிலில் சாய்ந்துகொண்டாள். முந்தின நாள் கப்பலின் நீச்சல் குளத்தருகே வழுக்கி விழுந்ததில் அவளுடைய கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஆகவே பெர்கன் நகரத்தை மார்லீஸ் தனியாகப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பார்க்காமலே விட வேண்டும். விட்டுவிடுவாள் என்றுதான் அக்கா எதிர்பார்த்தாள். சொல்லப்போனால் மார்லீஸும் அதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"நான் போய்ட்டு வரேங்க்கா."

ரோஸ்வித்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"காச ரெண்டு எடத்துல பிரிச்சு வை. கப்பல் அட்டைய கழுத்துல மாட்டிக்காத, நீ வெளியூர்க்காரின்னு ஊருக்கே தண்டோரா போட்டாப்ல ஆயிடும். நடுத்தெருவுல நின்னு மேப்ப விரிக்காத, ஏதாவது கடைக்குள்ள போய்ப் பாரு. தனியாவா வந்தீங்கன்னு எவனாவது கேட்டா, அக்கா பின்னாடி வராங்கன்னு சொல்லு. அஞ்சரைக்குள்ள ஏறிடணும். கப்பல்காரங்களே கூட்டிட்டுப் போற கும்பல்னா காத்திருப்பாங்க. சொந்தமா சுத்தறவங்களுக்கு நிக்க மாட்டாங்க, ஏணிய எடுத்துட்டுப் போய்ட்டே இருப்பாங்க."

"வெளியூர்க்காரின்னு தெரியக் கூடாதுங்கற. இந்தச் சட்டையப் போட்டா ஆகாசத்துலேர்ந்தே தெரியுமே."

"அது எனக்குத் தெரியறதுக்குடி. மேல்தளத்துல உக்காந்து பாத்துட்டே இருப்பேன்."

இதற்கிடையே ஒலிபெருக்கியில் கேப்டன் ஏதோ அறிவித்தார். ரோஸ்வித்தா தங்கள் ஊரான பிரேமர்ஹாஃபனில் காலமெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மேய்த்தவள். குரலைக் கொஞ்சம் உயர்த்தி அவரை அடக்கிவிட்டாள். அவர் சொன்னது இருவர் காதிலும் விழவில்லை.

மார்லீஸ் தனியாக வெளியே போய் வருஷக்கணக்காகிவிட்டது. ஒருநாள் துணிக்கடையின் மூன்றாவது மாடியில், போர்வைகளுக்கு நடுவே, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிட்டாள். கதவு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. மருத்துவர்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அன்றிலிருந்து ரொட்டி வாங்கக்கூட அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். அக்கா ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அதுவே மார்லீஸுக்குச் சில சமயம் பாரமாக இருந்தது.

துறையிலிருந்து பேருந்து ஒன்று பயணிகளை ஏற்றிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் போய் ஊர் நடுவில் இறக்கிவிட்டது. மார்லீஸ் பயத்தில் பாதி வழி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இறங்கித் திறந்தபோது எதிரே மலை நின்றது. மலை என்றால் தூரத்தில் நீலமாகத் தெரிவது அல்ல. வீடுகளின் கொல்லைப்புறத்திலேயே பச்சையாக எழும்பி, பாதியில் மேகத்துக்குள் போய்விட்டது. அவளுடைய ஊரில் கடல் அணைக்கரைதான் உயரம், அதன்மேலும் ஆடு மேயும். இங்கே மனிதர்கள் இவ்வளவு பெரிய ஒன்றைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள், மீன் பேரம் பேசினார்கள், யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. மார்லீஸுக்கு அழுகை வந்தது. பயத்தினால் அல்ல என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் காரியமாக ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள்.

பிறகு நடந்தாள். துறைமுகத்தை ஒட்டிய பழைய மரவீடுகளின் சந்துகளில் தார் வாசனை அடித்தது. பலகைகள் சாய்ந்து, வீட்டுக்கு வீடு தோள் கொடுத்து நின்றன. ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்தாள், ஈரமாக இருந்தது. மழை வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒரு தேவாலயத்தின் படியில் உட்கார்ந்து, கப்பலின் காலை உணவு மேசையிலிருந்து எல்லோரையும் போல அவளும் திருட்டுத்தனமாகக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்த பாலாடைக்கட்டி ரொட்டியைத் தின்றாள். பக்கத்தில் யாரும் இல்லை. என் கால் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தாள். அந்த நினைப்பைப் பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

திரும்பும் நேரம் வந்தபோது பேருந்துக்கு நீண்ட வரிசை. கூரைகளுக்கு மேலே, துறைமுகத்தின் கோடியில், கப்பலின் நீலப் புகைபோக்கியும் அதில் கம்பெனிச் சின்னமாக வரைந்த வெள்ளை நாரையும் தெரிந்தன. இதோ இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது பேருந்து எதற்கு? நாரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வழி கேட்கவில்லை, மேப்பை விரிக்கவில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள்.

துறை வாசலில் காவல்காரர் அவளுடைய அட்டையை இயந்திரத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தார், மறுபடி சிவப்பு. அட்டையைத் திருப்பிக் கப்பலின் பெயரைப் படித்தார்.

"அம்மா, இது உங்க கப்பல் இல்ல. இது மத்தியானம் வந்துது. ஒரே கம்பெனி, ஒரே அச்சு. காலையில கேப்டன் சொல்லியிருப்பாரே, தங்கச்சிக் கப்பல் வருது, பாத்து ஏறுங்கன்னு."

சொல்லியிருப்பார். அக்கா அவருக்கு மேலே பேசியிருந்தாள்.

"என்னோடது எங்க?"

அவர் கைகாட்டினார். துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் வீடுகள் அடர்ந்த ஒரு மேடு. "அதுக்கு அந்தப் பக்கம். டாக்சி எதுவும் இப்ப கிடைக்காது, ரெண்டு கப்பல் கூட்டம். மேட்டுல ஏறி எறங்குங்க. வேகமா நடந்தா புடிச்சிடலாம். தனியாவா வந்தீங்க?"

மார்லீஸின் நெஞ்சு படபடத்தது. போர்வைகளின் வாசனைகூட வந்தது.

"ஆமா, தனியாத்தான்," என்றாள்.

நடந்தாள். மீன் சந்தையைத் தாண்டும்போது கைபேசி அடித்தது.

"எங்கடி இருக்க?"

"வந்துட்டே இருக்கேங்க்கா."

"மூச்சு வாங்குது உனக்கு."

"மேடு."

"இங்க ஏது மேடு? சரி, சட்டையப் போட்டிருக்கியா?"

"ம்."

அக்காவிடம் அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. கைபேசியை உள்ளே வைத்துவிட்டு ஏறினாள். கல் படிகள், வெள்ளை வீடுகள், ஜன்னலில் ஜெரேனியம் பூ, படியை அடைத்துப் படுத்த ஒரு பூனை. குழந்தை வண்டியோடு இறங்கிய ஒரு பெண்ணை நிறுத்தி வழி கேட்டாள். அவள் இடப்பக்கச் சந்தைக் காட்டினாள். கப்பலை விட்டுவிட்டால் அடுத்து என்ன என்பது மார்லீஸுக்குத் தெரியும். அக்கா திட்டமாட்டாள். கையைப் பிடித்துக்கொள்வாள், அப்புறம் விடவேமாட்டாள்.

உச்சியில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு இடைவெளி. மேகம் விலகி வெயில் அடித்தது. அங்கே நின்றால் இந்தப் பக்கம் ஒரு நாரை, அந்தப் பக்கம் ஒரு நாரை. நடுவில் அவள் நடந்து வந்த ஊர் முழுவதும் கிடந்தது. சந்தை, மரவீடுகள், அவள் ரொட்டி தின்ற தேவாலயம், எல்லாவற்றுக்கும் பின்னால் இப்போது நெற்றிவரை தெரிகிற மலை. எந்தக் கதவு எந்தப் பக்கம் என்று அவளுக்கு எல்லாமே தெரிந்தது. நிற்க நேரமில்லை என்று தெரிந்தும் நின்றாள். கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

பிறகு இறங்கினாள், ஓட்டமும் நடையுமாக.

ஏணி இன்னும் இருந்தது. அட்டையை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. ஏணியடியில் இரண்டு மாலுமிகள் கயிற்றின் பக்கத்தில் தயாராக நின்றார்கள். மார்லீஸ் அண்ணாந்து பார்த்தாள். மேல்தளத்தில் பாட்டும் கூத்துமாக இருந்தது. கூட்டத்தைவிட்டுத் தள்ளி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் ரோஸ்வித்தா நின்றாள். பேருந்து வரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கீழேயிருந்து பார்க்கையில் அக்கா மிகச் சின்னவளாக இருந்தாள். ரொட்டிக் கடைக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. அது தனக்காக மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"ஏறுங்கம்மா, எடுக்கப் போறோம்," என்றான் மாலுமி.

"ஒரு நிமிஷம் தம்பி."

பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மார்லீஸ் பையைத் திறந்து, கசங்கிக் கிடந்த ஆரஞ்சுச் சட்டையை உதறிப் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். பிறகு யாரும் நிற்காத துறையின் நடுவே போய், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.