மூடக்கூடாத திரை

கோப்புகளின் பட்டியலைக் கேட்டு 'ls' என்று அடித்தாள். கோப்புகள் வரவில்லை. நூலகம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது. இன்னொரு கட்டளை கொடுத்தாள். அதே வரி.

அவள் வீட்டுக் கணினி என்றால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். ஊரில் யார் ஆம்புலன்ஸ் கேட்டாலும் எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்வது இந்தச் சர்வர்தான். அதைப் பராமரிப்பது அவள் வேலை. அதை ஓட்டும் லினக்ஸில் அநேகமாக எல்லா நிரல்களும், பொதுவான நிரல்துண்டுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஓர் அடிப்படை நூலகத்தை நம்பித்தான் எழுந்து நிற்கின்றன. அதைத்தான் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, சின்ன வேலைதானே என்று மேம்படுத்தப் போனாள். பாதியில் நின்று கழுத்தை அறுத்துவிட்டது. பழைய நூலகத்தின் இணைப்பு போய்விட்டது, புதியது வந்து சேரவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவை ஓடின. புதிதாக எதுவும் எழுந்திருக்காது, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? கீழ்த்தளத்தில் அழைப்பு எடுப்பவர்கள் ஷிப்ட் மாறும் நேரம். ஒருவர் லாக் அவுட் செய்வார், அடுத்தவர் லாகின் செய்வார். இன்றைக்கு வெளியே வரலாம், உள்ளே நுழையத்தான் முடியாது. அப்புறம் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் வண்டி போகாது. கீழே போன் போட்டாள். அந்த அமளியில் உள் போனை யார் எடுப்பார்கள்? விழுந்தடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் தலைமை ஆபரேட்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, யாரும் லாக் அவுட் பண்ணாதீங்க. சீட்டை மட்டும் மாத்திக்கோங்க. ஏன்னு கேக்காதீங்க."

அக்கா காரணம் கேட்கவில்லை. ஆனால் அதற்குள் பாதிப் பேர் வெளியே வந்துவிட்டிருந்தார்கள். மீதித் திரைகளில் அழைப்புகள் குவிந்தன.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தால் அவள் திரை வெறிச்சென்று கிடந்தது. சர்வரோடு அவளுக்கு இருந்த ஒரே இணைப்பு மூடப்பட்டிருந்தது. இனி அவளாலும் உள்ளே நுழைய முடியாது. பக்கத்தில் 'பூட்டு' நின்றார். மேலாளருக்கு அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. ஆளில்லாத மேசையில் எது திறந்திருந்தாலும் மூடிவிட்டு, உரியவரை வறுத்தெடுப்பார். ஓடிய அவசரத்தில் அவளுக்குத் திரையைப் பூட்டத் தோன்றவில்லை. எப்பேர்ப்பட்ட மடத்தனம்!

நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது. தன் அறைக்குக் கூட்டிப்போனார். அவர் திரையின் மூலையில் கட்டளை அடிக்கும் ஒரு கறுப்புக் கட்டம் திறந்து கிடந்தது. அதே சர்வர், முழு அதிகாரத்தோடு.

"போன மாசம் திறந்ததும்மா," என்றார் தலையைச் சொறிந்துகொண்டு. "தினமும் பாஸ்வேர்டு போட சோம்பேறித்தனம்."

ஊருக்கு உபதேசம் செய்கிற மனுஷர்! சிரிக்கவும் திட்டவும் நேரமில்லை. உட்கார்ந்தாள். பழைய நூலகக் கோப்பு நல்லவேளையாக வட்டில் அப்படியே இருந்தது. அதன் முழு முகவரியைக் கொடுத்து, எதை ஓட்டினாலும் முதலில் இதை ஏற்று என்று சர்வருக்குச் சொல்லிவிட்டு, நூலகத்தின் அறுந்த இணைப்பைத் திரும்பக் கட்டினாள். பிறகு 'ls'. கோப்புகள் வரிசையாக வந்து நின்றன.

போன் அடித்தது. எல்லாரும் உள்ளே நுழைந்தாயிற்று என்றாள் அக்கா.

"காத்திருந்ததுல யாருக்காவது...?"

"ஒரு பெரியவர், மூச்சுத்திணறல். வண்டி இப்பதான் கிளம்புது. போய்ப் பாத்தாதான் தெரியும்."

பூட்டு பழக்கதோஷத்தில் கறுப்புக் கட்டத்தை மூடப் போனார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். போன் மறுபடி அடிக்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.