கடைசியாக வாசித்தது

“ஸ்டென்ட் வெச்சிருக்காருன்னு யாருமே என்கிட்ட சொல்லலையேக்கா.”

“மெதுவா பேசு மெர்வின்.”

“சொல்லியிருந்தா லாங் டோன் குடுத்திருப்பேனா? இருபது எண்ணுற வரைக்கும் ஒரே மூச்சுல ஒரே நோட்டை ஊதச் சொல்லியிருப்பேனா?”

ஜென்சி மாடிப்படி வளைவிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே தெருவை அடைத்துப் போட்ட ஷாமியானாவுக்குள் மாடம்பாக்கமே வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா. நாலு மணிக்குப் பாஸ்டர் ஜெபித்ததும் எடுத்துவிடுவார்கள்.

மெர்வினுக்கு இருபத்தாறு வயது. சேலையூரில் தன் அறையிலேயே சாக்ஸஃபோன் சொல்லிக்கொடுக்கிறான். அவனிடம் கற்றுக்கொள்ளப் போன அப்பா தனசிங்குக்கு ஐம்பத்தொன்பது. முதல் நாள் அவர் ஊதியதைக் கேட்டு, “அங்கிள், இது சாக்ஸா, தண்ணி லாரி ஹாரனா?” என்றான். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கூட்டிக்கொண்டு போனவள் ஜென்சிதான். முப்பதாவது திருமண நாளுக்குச் சர்ச்சில் ஒரே ஒரு பாட்டு ஊதி அம்மாவை அசத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதுவரை அம்மாவுக்குத் தெரியக்கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு அவரைத் தண்ணி கேனைக்கூட நகர்த்த விடாதவள் அவள்.

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. சாயங்காலம் கார் சாவியை எடுக்கும்போது, “ஏரிப்பக்கம் போய்க் கார்ல உக்காந்து கொஞ்சம் வாசிச்சிட்டு வர்றேன்” என்பார். அது உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் வாசிப்பது என்றால் வேதம் வாசிப்பது. அம்மா ஞானஜோதி அதைச் சர்ச்சுப் பெண்கள் அத்தனை பேரிடமும் சொல்லிப் பூரித்தாள். அப்பாவும் மகளும் சமையலறையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினார்கள்.

நேற்று ஏழு மணியாகியும் அவர் திரும்பவில்லை. ஜென்சி ஸ்கூட்டியில் தேடிப் போனாள். ஏரிக்கரைக் காலி மனையில், கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காருக்குள், அப்பா தலையைச் சாய்த்திருந்தார். மடியில் சாக்ஸஃபோன். அதைத் தாங்கும் பட்டை கழுத்தில். தொட்டாள். மூச்சு இல்லை. பட்டையைக் கழற்றினாள். சாக்ஸஃபோனை டிக்கியில் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

அந்தப் பட்டை இப்போது அவள் குர்தாப் பைக்குள் இருக்கிறது.

“நேத்து எத்தனை எண்ணுனாருக்கா? எனக்கு ஒண்ணும் அனுப்பல.”

“பதினஞ்சு,” என்றாள்.

ஐந்து ஐம்பதுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ் அது. நடுங்கி நடுங்கி நீளும் ஒரே ஒலி. பிறகு இரைக்க இரைக்க அப்பாவின் குரல்: “பதினஞ்சு!” ஆபீஸ் வண்டியில் வந்துகொண்டிருந்தவள் பதில் போட்டாள்: ‘இன்னும் அஞ்சு செகண்டுதான்பா. விடாதீங்க.’ அதற்குப் பக்கத்திலிருக்கும் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டனவா என்று அவள் இன்னும் பார்க்கவில்லை. போனை அணைத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

“ஜென்சி! பாஸ்டர் வந்தாச்சு, அங்க என்ன பண்ற?” கீழேயிருந்து டெபோரா அத்தை.

“டிக்கியில இருக்கிறதை நான் எடுத்துட்டுப் போயிடவாக்கா?”

“இப்ப எடுத்தா எல்லாரும் பாப்பாங்க. நீ போ.”

கூடத்தில் டெபோரா அத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். “எங்க அண்ணனுக்குக் குடுத்து வெச்சிருந்துது. வேதம் வாசிச்சுக்கிட்டிருக்கும்போதே கர்த்தர் எடுத்துக்கிட்டாரு. உனக்கும் எனக்கும் சீரியல் பாக்கும்போதுதான் வரும்.”

அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜென்சியைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள்.

“குளிப்பாட்டுறப்ப பாத்தேன். பின்கழுத்துல ஒரு கோடு. அழுந்துன மாதிரி.”

“காலரா இருக்கும்மா.”

“டி ஷர்ட்தானே போட்டிருந்தாரு?”

ஜென்சியின் வலது கை குர்தாப் பைக்குள் போனது. ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமி அடங்கியது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஷாமியானாவில் இருந்தவர்களும் வாசலில் வந்து நெருக்கினார்கள்.

“பாஸ்டர், ஒரு நிமிஷம்,” என்றாள் அம்மா. “இவதான் அவரை முதல்ல பாத்தா. வேதத்துல எந்தப் பக்கம் திறந்திருந்துதுன்னு இவளுக்குத்தான் தெரியும்.”

அவர் காரிலேயே வைத்திருந்த வேதாகமத்தை மடியிலிருந்து எடுத்து மகளிடம் நீட்டினாள். ஜென்சியின் வலது கை பைக்குள்ளேயே இருந்தது. பட்டையின் கொக்கி உள்ளங்கையில் ஏறியது.

“அப்பா கடைசியா வாசிச்சதை, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, நீ கொஞ்சம் வாசிம்மா.”