தரையோடு வெட்டிய ஓக் கன்றுகள்

தெற்குச் சரிவில் நட்டிருந்த நானூறு ஓக் கன்றுகளையும் பிடுங்கிவிட்டு ஊசியிலை மரம் நடுவது என்று ஊர்மன்றம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. அதைச் சொல்லத்தான் மேயர் புர்க்கார்ட் பிப்ரவரிக் கடைசியில் சேற்றை மிதித்துக்கொண்டு அங்கே வந்தார். ஸ்பெஸார்ட் காட்டில் பத்தொன்பது வருஷமாக மரவேலை பார்க்கும் கெர்லிண்டா அவருக்காகக் காத்திருந்தாள்.

புயலில் ஒரு பெரிய மரம், கன்றுகளைச் சுற்றிக் கட்டிய வேலியின்மேல் சாய்ந்ததுதான் வினை. இரண்டு குளிர்காலம் அது அப்படியே கிடந்தது. மான்கள் உள்ளே புகுந்து ஒவ்வொரு கன்றின் நுனியையும் கடித்துத் தின்றிருந்தன. நுனி போன இடத்திலெல்லாம் பத்துக் கிளை வெடித்து, அதையும் கடித்து, கன்றுகள் குட்டையாய்ப் பம்மிக் கிடந்தன.

"ஏழு வருஷம் ஆச்சும்மா. என் முழங்காலைத் தாண்டல. இது மரமா, தொடப்பமா?" என்றார் புர்க்கார்ட்.

கெர்லிண்டா மண்வெட்டியை எடுத்து, ஓரத்தில் நின்ற ஒரு கன்றைச் சுற்றித் தோண்டினாள். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் நேராகக் கீழே இறங்கியது. முழங்கை ஆழம் தோண்டியும் முடிவு தெரியவில்லை.

"மான் தின்னது மேல இருக்கறத மட்டுந்தான் தலைவரே. ஏழு வருஷமும் இது கீழ வளந்திருக்கு. இந்த ஒரு கோடையை எனக்கு விடுங்க. செப்டம்பர்ல இடுப்பு உயரம் நிக்கும். நிக்கலேன்னா நானே பிடுங்கிப் போடறேன்."

"யார் இடுப்பு? உன்னதா, என்னதா?" புர்க்கார்ட் ஆறடிக்கு மேல்.

"உங்க இடுப்புதான்."

மறுநாளே வேலையைத் தொடங்கினாள். நேரான தண்டு ஒன்றாவது மிஞ்சிய கன்றில் அதை மட்டும் விட்டுவிட்டு, போட்டிக்கு நின்ற மற்றவற்றைக் கத்தரித்தாள். முழுக்கக் கோணிப்போனவற்றை, தரைக்கு இரண்டு விரல் மேலே விட்டு, கைவாளால் அறுத்தே போட்டாள். அப்படி அறுபட்டவைதான் அதிகம்.

அவள் கணவனின் தம்பி கிலியான், மான்கள் பெருகாமல் பார்த்துக்கொள்ள உரிமம் பெற்ற அந்தக் காட்டின் வேட்டைக்காரன். தோளில் துப்பாக்கியோடு வந்தவன் மொட்டைச் சரிவைப் பார்த்துச் சிரித்தான்.

"மான் பாதியத்தான் தின்னுச்சு அண்ணி. மீதிய நீங்க முடிச்சு வெச்சிட்டீங்க."

"உன் மானுங்களுக்கு விருந்து போட்டது போதும். சிரிச்சது போதும்னா வந்து கம்பியைப் பிடி, வேலி கட்டணும்."

திட்டிக்கொண்டே பிடித்தான்.

மே முதல் வாரத்தில் அறுத்த கட்டைகளிலிருந்து செந்தளிர் கிளம்பியது. பத்து நாள் கழித்து உறைபனி பெய்து, ஒரே இரவில் அத்தனை தளிரும் கருகித் தொங்கின. ரொட்டிக் கடையில் ஆளாளுக்குத் துக்கம் விசாரித்தார்கள். "ஓக்குக்கு ஜூன்ல இன்னொரு தளிர் உண்டு" என்று சொல்லிவிட்டு கெர்லிண்டா ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள். ஆனாலும் அடுத்த நாலு வாரமும் வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, குனிந்து பார்க்காமல் ஒரு நாளும் போகவில்லை.

ஜூன் நடுவில் அந்தத் தளிர் வந்தது. பழைய வேர் அத்தனை பலத்தையும் மேலே தள்ளியது. ஒரு கட்டையில் ஐந்து, ஆறு குருத்து. திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளி எறிந்தாள். விட்டது கண்ணெதிரே நீண்டது.

ஜூலையில் ஒரு காலை, கீழ் மூலையில் காட்டுப்பன்றிகள் வேலியின் அடிக்கம்பியை முட்டித் தூக்கியிருந்தன. அந்தச் சந்து வழியாக உள்ளே வந்த ஒரு பெண்மான் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு கன்றுகளுக்கு நுனி இல்லை. கெர்லிண்டா கிலியானுக்குப் போன் செய்தாள்.

"இப்போ சுட முடியாது அண்ணி. எங்கயாவது குட்டியைப் படுக்க வெச்சிருக்கும்."

"சுடச் சொல்லி யார் கேட்டா? வெளிய ஓட்டணும். வா."

மேல் வாசலைத் திறந்து வைத்துவிட்டு, இருவரும் கைகளை விரித்துக்கொண்டு கீழிருந்து மெதுவாக ஏறினார்கள். மான் இரண்டு முறை வேலியில் மோதி, மூன்றாம் முறை வாசலைக் கண்டு பாய்ந்து மறைந்தது. மூச்சு வாங்க நின்ற கிலியான் அப்போதுதான் சுற்றிலும் பார்த்தான். கன்றுகள் அவன் தொடையை உரசிக்கொண்டு நின்றன.

"இதெல்லாம் அன்னிக்கு அறுத்துப் போட்டதா?"

"அதேதான்."

கிலியான் கீழ் மூலைக்கு இறங்கினான். அடிக்கம்பியைத் தரையோடு இழுத்து, தன் கையாலேயே மர ஆப்புகளை அடித்து இறக்கினான்.

செப்டம்பரில் புர்க்கார்ட் வந்து, கெர்லிண்டாவும் கிலியானும் கூட வர, வரிசைக்குள் நடந்தார். பாதிக்கு மேல் அவர் இடுப்பைத் தாண்டியிருந்தன. சில நெஞ்சைத் தொட்டன. முப்பது கட்டைகள் முளைக்கவே இல்லை. அவர் கேட்கும் முன்பே கெர்லிண்டா அவற்றைக் காட்டினாள்.

ஊசியிலை மரப் பேச்சை அவர் எடுக்கவில்லை. "வடக்குச் சரிவுலயும் மான் கடிச்ச கன்னு இருக்கே. அதையும் பாக்கறியா?"

"பாக்கறேன். அங்க வேலி நிக்காது, பாறை. மான் வாய் படாம ஒவ்வொரு கன்னையும் சுத்தித் தனியா பிளாஸ்டிக் குழாய் மாட்டணும். கிலியானும் இந்த வருஷம் மானைக் கொஞ்சம் கூடுதலா சுடணும்."

"எவ்ளோ கூடுதலா?" என்றான் கிலியான், பதறி.

"போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வடக்குச் சரிவை நோக்கி நடந்தாள்.