ஊக்கு மேல் அடுக்குக்கு மட்டும்

கட்டில் மேல் இரண்டு கில்ட்டுகள் கிடந்தன, எங்கள் பக்கத்து ஆண்கள் பாவாடை போலச் சுற்றிக் கட்டுகிறவை. மறுநாள் எங்கள் ஊர் மலை ஓட்டப் பந்தயத்துக்கு எதைக் கட்டுவது என்று நான் முடிவு செய்தாக வேண்டும். ஒன்று கல்யாணத்துக்குத் தைத்த கம்பளிக் கில்ட். எட்டு கெஜத் துணி, பின்பக்கம் முழுக்கக் கொசுவம், தூக்கினால் ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கியது போலிருக்கும். மற்றது ஓடுவதற்கென்றே தைத்து விற்கிற மெல்லிசு ரகம். வேறு எந்த வருடமும் நான் யோசித்திருக்க மாட்டேன். மெல்லிசைக் கட்டிக்கொண்டு, உள்ளே ஒன்றும் போடாமல், எங்கள் கில்டோரன் ஊர் ஆண்கள் எல்லோரையும் போல ஏறி இறங்கியிருப்பேன்.

இந்த வருடம் என் வயிற்றில் ஒரு பை ஒட்டியிருந்தது.

போன இலையுதிர் காலத்தில் என் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியைத் தொப்புளுக்கு வலப்பக்கம், கொஞ்சம் கீழே, தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். சாப்பிட்டது அந்த வழியாகப் பையில் வந்து விழும். பையைப் பிடித்திருப்பது தோலோடு ஒட்டும் ஒரு பிசின் வளையம். நான் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். இதை ஒரு குழாய், கசியாமல் அடைக்கிற ஒரு கேஸ்கெட், ஒரு தொட்டி என்று புரிந்துகொள்ள எனக்குக் கஷ்டமில்லை. கேஸ்கெட் எப்போது விட்டுப்போகும் என்பதும் தெரியும். ஈரம் பட்டால், நெருக்கினால், ஒரே பக்கமாக விடாமல் இழுத்தால். மலை ஓட்டத்தில் மூன்றும் உண்டு.

பை இருப்பது என் மனைவி இஷ்பெலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று சொல்லி நிறுத்தியிருந்தோம்.

“இவ்வளவு பயமா இருந்தா ஓடாதே” என்றாள் இஷ்பெல். “முட்டி வலின்னு சொல்லிடலாம்.”

“அடுத்த வருஷம் என்ன சொல்றது?”

“இன்னொரு முட்டி இருக்குல்ல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலைச்சரிவில், ஊரே பார்க்க, அது விட்டுப்போனால் பிறகு நான் எந்த ஓட்டத்துக்கும் போகப்போவதில்லை. துறைமுகத்தில் தலை காட்டுவதே சந்தேகம். ஓடாமல் இருந்தாலோ, என்னால் இனி ஓட முடியாது என்று நானே முடிவு கட்டிய மாதிரி ஆகிவிடும்.

முதலில் மெல்லிசைக் கட்டிப் பார்த்தேன். அது இடுப்பெலும்பின் மேல் உட்கார்கிறது. அதாவது அதன் பட்டை சரியாகப் பையின் வாய் மேல் விழுகிறது. வாயை நெருக்கினால் வருவது பைக்குள் இறங்காமல் வளையத்தின் அடியில் பரவும். அதைக் கழற்றி எறிந்தேன்.

கனமானது வேறு மாதிரி. நல்ல கில்ட் இடுப்பில் நிற்காது. தொப்புளுக்கு மேலே, விலா முடிகிற இடத்தில் கட்டுவது. இரண்டு வார்கள் அங்கே இறுகப் பிடித்துக்கொண்டால், மீதித் துணி முழுவதும் அங்கிருந்து தொங்கும், கீழே எதையும் அழுத்தாது. இத்தனை கனம் எனக்குச் சாதகமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரே சிக்கல் மூன்றாவது வார். வலது இடுப்பில், தாழ்வாக, வளையத்தின் மேலேயே போகிறது. அதை மாட்டாமல் விட்டேன். கில்ட்டின் முன்பக்கத்தில் துணி இரண்டு அடுக்காக ஒன்றின் மேல் ஒன்று விழும்; அந்த வாரை விட்டால் மேல் அடுக்கு கொஞ்சம் காற்றில் ஆடும். அதற்குத்தான் ஊக்கு இருக்கிறது. மேல் அடுக்கின் ஓரத்தில் மட்டும் குத்தினால் அது கனமாக நின்று துணியைக் கீழே பிடிக்கும். இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தக் கூடாது, எங்கள் ஊரில் சின்னப் பையனுக்கும் அது தெரியும். நடக்கும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போனால்தான் கால் வீச இடம் கிடைக்கும்.

அடுத்தது உள்ளாடை. பருத்தி ஜட்டி வியர்வையைக் குடித்து ஈரக் கயிறாக மாறித் தொடையை அறுக்கும். என் ஓட்டக் கால்சட்டையின் எலாஸ்டிக்கும் பையின் குறுக்கேதான் வந்தது. பையை மேலிருந்து அணைத்துப் பிடிக்க நர்ஸ் ஒரு அகலப் பட்டை கொடுத்திருந்தாள். அதற்கு மேல், விலா வரை ஏறி, தொடை பாதி வரை இறங்கி, குலுங்காமல் பிடிக்கிற ஒன்று வேண்டும். கம்பளி தொடையில் குத்தாமலும் இருக்க வேண்டும்.

இஷ்பெல் அலமாரியிலிருந்து தன்னுடைய இறுக்கமான ஓட்டக் கால்சட்டையை எடுத்து என் முகத்தில் வீசினாள். ஊதா நிறம், இடுப்பில் ஆரஞ்சுப் பட்டை.

“இதயா?”

“போட்டுப் பாரு. யாரு பாக்கப் போறா?”

போட்டேன். எல்லாம் அதனதன் இடத்தில் நின்றது. மாடிப்படியில் ஏறி இறங்கினேன், குனிந்தேன், குதித்தேன். வளையம் அசையவில்லை.

“பின்னாடி என்னைவிட உனக்குத்தான் நல்லா இருக்கு” என்றாள். அதற்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்றாளே. யார் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அவள் அண்ணன் டூகல்.

எங்கள் ஓட்டத்தில் புறப்படும் கயிற்றுக்கு முன்னால் புல்லில் ஒரு கண்ணாடியை மல்லாத்தி வைப்பார்கள். ஆண்கள் அதைத் தாண்டிப் போக வேண்டும். உள்ளே ஏதாவது போட்டிருந்தால் மலை மீட்புக் குழுவின் உண்டியலில் ஒரு பவுண்டு போட வேண்டும். கண்ணாடிக்குப் பொறுப்பு டூகல்.

காலையில் கஞ்சி குடிக்கவில்லை. வெள்ளை ரொட்டியும் ஒரு கை மார்ஷ்மெல்லோ மிட்டாயும் தின்றேன். அது பைக்கு வருவதைக் கெட்டியாக்கும். புறப்படும் முன் பையைக் காலி செய்தேன். அப்படியும் கயிற்றருகே நிற்கும்போது ஐந்தாறு தடவை வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டேன்.

டூகல் முன்னால் போய், கேட்பதற்கு முன்பே உண்டியலில் காசைப் போட்டேன்.

“என்ன மாப்ள இது? நீயா?” என்றான். “ஊரே, இங்க பாருங்க. ருவரிக்குக் குளிருதாம்.”

“ஆபரேஷன் பண்ண உடம்பு மச்சான். விடு.”

“ஆபரேஷன் வயித்துலதானே? ஜட்டி எதுக்கு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன். கடலிலிருந்து காற்று பலமாக வந்துகொண்டிருந்தது. என் மேல் அடுக்கு படபடத்தது.

“கீழ் வாரு தொங்குது பாரு” என்று டூகல் பின்னாலேயே வந்து குனிந்தான். அவன் கை என் வலது இடுப்புக்கு வந்தது. தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே.

அவன் கையை எடுத்துக்கொண்டான். “சரி சரி. தொடல. ஊக்கையாவது சரியா குத்தி விடுறேன், இல்லன்னா பாதி வழியில கொடி ஏத்திடுவ.” அவன் கீழே ஏதோ செய்தான். எனக்கு அவன் கை இடுப்பை விட்டுப் போனதே போதும் என்றிருந்தது. என்ன செய்தான் என்று பார்க்கவில்லை. துப்பாக்கி வெடித்தது.

வேலி வரை சமதளம், ஒன்றும் தெரியவில்லை. ஏற்றம் தொடங்கியதும் கால் பாதியிலேயே தடுக்கப்பட்டது. உடம்பு மறந்துவிட்டது, வயதாகிவிட்டது என்றெல்லாம் நினைத்தேன். பிறகு இன்னொன்று கவனித்தேன். ஒவ்வொரு அடிக்கும் கில்ட் ஒரு இழை கீழே இறங்குகிறது. விலாவில் இருந்த வார் தொப்புளுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து வலப்பக்கம் திருகிக்கொண்டு போகிறது. கீழே பார்த்தேன். ஊக்கு இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தியிருந்தது. நான் தூக்குகிற ஒவ்வொரு காலும் முழு எட்டு கெஜத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

வளையத்தின் ஓரத்தில் சூடாக ஏதோ நனைந்தது. வியர்வையா, மற்றதா, தெரியவில்லை.

நின்றுதான் எடுக்க வேண்டும். நிற்கக்கூடிய தட்டையான இடம் ஒன்றே ஒன்றுதான், ஆட்டுப்பட்டிச் சுவருக்கருகே. அங்கேதான் பாதி ஊர் சாண்ட்விச்சோடு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். இன்னும் ஏறினால் வார் பை வாய்க்கு வந்துவிடும். நின்றேன். ஊக்கு லேசில் கழலவில்லை. கழன்றபோது, காத்திருந்தது போலக் காற்று மேல் அடுக்கைப் பிடித்து என் தோள் வரை தூக்கியது.

சுவரில் பேச்சு நின்றது.

வயிற்றுக்குக் கை போவதற்குள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஊதா, ஆரஞ்சு, அதன் கீழே புடைப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அது இஷ்பெலோட டவுசர்” என்றாள் கடைக்கார நெட்டா, மிக நிதானமாக.

“இஷ்பெலோடதா?”

“போன வாரம் இதத்தான் போட்டுக்கிட்டு என் கடை வாசல்ல ஓடினா. எங்க வாங்கினன்னு நான் கேட்டேனே.”

“அவ இப்ப என்ன போட்டிருக்கா?” என்று யாரோ கேட்க, சுவர் முழுக்கச் சிரித்தது. ஒருவர் கையிலிருந்த சாண்ட்விச் விழுந்தது. நான் திரும்பி நின்று கில்ட்டை விலா வரை இழுத்துக் கட்டினேன். விரலை உள்ளே விட்டு வளையத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். விரலில் ஈரம் மட்டும்தான், நிறமோ நாற்றமோ இல்லை. வியர்வை.

ஊக்கை மேல் அடுக்கில் மட்டும் குத்திக்கொண்டு ஓடினேன். கால் வீச இடம் கிடைத்தது. எத்தனையாவதாக வந்தேன் என்று கவனிக்கவில்லை. முடிகிற இடத்தில் டூகல் உண்டியலோடு நின்றான். செய்தி எனக்கு முன்னாலேயே இறங்கிவிட்டிருந்தது.

“பொம்பள டவுசருக்கு ரெண்டு பவுண்டு” என்றான்.

“அப்புறம் தர்றேன். கக்கூஸ் எங்க?”

“அங்க. ஆனா வரிசை பெருசு.”

வரிசை கூடாரம் வரை நீண்டிருந்தது. பை நிரம்பிக் கனத்தது. எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

“மச்சான், என்னை முன்னாடி விடச் சொல்லு. வயித்துல பை மாட்டியிருக்கு. நிறைஞ்சுடுச்சு.”

அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் வலது இடுப்பை. உண்டியலை என் கையில் திணித்துவிட்டு வரிசைக்கு முன்னால் போய், யாரிடம் என்ன சொன்னானோ, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே காலி செய்தேன். வளையத்தைச் சுற்றிலும் பார்த்தேன், ஒரு இடத்திலும் விடவில்லை. வெளியே கதவில் அவன் முதுகு சாய்ந்திருப்பது தெரிந்தது.

“மாப்ள.”

“ம்.”

“அந்த ஊக்கு. ரெண்டு அடுக்கையும் சேர்த்தா குத்தினேன்?”

“ஆமா.”

பிறகு கதவின் இடுக்கருகே குரல் தாழ்ந்து வந்தது.

“நான் அப்படிக் குத்தினத யார்கிட்டயும் சொல்லிடாதே.”