மூன்றாவது சீட்

எங்கள் காரில் நான்கு பேர் ஏறினால் மூன்று பேர்தான் போய்ச் சேருகிறோம். பங்குனியிலிருந்து இப்படித்தான்.

சேராதவருக்கு ஒன்றும் ஆகிவிடுவதில்லை. கிளம்பிய இடத்திலேயே, உட்கார்ந்த வாக்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போய்விடுவார். எஞ்சினில் நான்கு சிலிண்டர். ஓட்டும் நான் முதல் சீட். பக்கத்தில் என் மனைவி இந்திராணி இரண்டு. பின்னால் அவள் தம்பி தவசி மூன்று, எங்கள் மகள் நிறைமதி நான்கு. மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஆகவே தவசி வந்து சேர்வதில்லை.

நிறைமதிக்கு நான்கு வயது. காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், அவளுக்கு இருப்பதோ ஒரே தாய்மாமன். முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குலசாமி கோயிலுக்கு இரண்டு முறை நாள் குறித்துப் போனோம். இரண்டு முறையும் மடி வரவில்லை. கிடா வெட்டி, சாப்பிட்டு, குத்தாத காதோடு திரும்பினோம். வீட்டு வாசலில் தவசி சீர்த்தட்டோடு நின்றிருந்தான். தட்டில் வாழைப்பழம் கறுத்துவிட்டிருந்தது.

சீட் மாறி உட்கார்ந்தால் மாறியவர் வரமாட்டார். காதுக்குச் சொந்தக்காரி வராமலும் முடியாது, பெற்றவள் வராமலும் முடியாது. சீட்டைக் காலியாக விட்டுக் கிளம்பலாமென்றால் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை; வீடு திரும்பும்போது மட்டும் ஆகும். தவசியை பஸ்ஸில் வரச் சொல்லிப் பார்த்தேன்.

"தாய்மாமன் பஸ்ல வந்து எறங்கி நான் எங்கயும் பாக்கல மச்சான்" என்றான். அவன் ரோஷக்காரன்.

வரும் புதன்கிழமை அவன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறான். மூன்று வருடத்துக்கு லீவு கிடையாது. இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று அவனைக் கோயில் வாசலில் இறக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டால் நான் கொஞ்சம் பொல்லாதவன்.

ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்குகள் பிளக்கை மாற்றிவிட்டு, தவசியின் ஜாதகத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இந்த முறை பைபாஸ் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அருள்மேரி அக்காவிடம் போனேன். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டார்.

"மூணும் டிக்கு டிக்குங்குது. இது மட்டும் முனகுது. இன்ஜெக்டர்னு நெனக்கேன். நெனச்சாப் போதாது, பாத்துருவோம்."

இன்ஜெக்டர் என்பது சுண்டுவிரல் அளவு சாமான். கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பதுபோல் சிலிண்டருக்குப் பெட்ரோலைத் தெளிக்கும். மூன்றாவதைக் கழற்றி முதலாவதின் இடத்தில் வைத்தார், முதலாவதை மூன்றில் வைத்தார். கோளாறு அந்தச் சாமானில் இருந்தால் அதுவும் கூடவே இடம் மாறும் என்றார். நான்கு பேரும் ஏறினோம். ரயில்வே கேட் வரை போய்வரச் சொன்னார்.

பட்டறையில் நான் மட்டும் ஸ்டீயரிங் பிடித்த கையோடு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் இந்திராணி போன் செய்தாள்.

"கேட்டுக்கு வந்துட்டோம். தம்பி இருக்கான். நீங்கதான் இல்ல. ஹேண்ட் பிரேக்க நான் போட்டுட்டேன்."

அருள்மேரி அக்கா கையைத் துடைத்தார். "இன்ஜெக்டரேதான்."

நான் நடந்துபோய் வண்டியைக் கிளப்பினேன். வண்டி பட்டறைக்கு வந்தது. நான் மறுபடியும் நடந்து வந்தேன்.

தவசிக்கு ஏக சந்தோஷம். "இப்படியே விட்ருங்க மச்சான். ஞாயித்துக்கெழம நாங்க மூணு பேரும் போயிருவோம்ல?"

யோசனை சரிதான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிறைமதி மட்டும், "அப்பா வரலைனா நான் யாரப் பாத்து அழுவேன்?" என்று கேட்டாள்.

ஊசி ஏறும்போது அவள் பார்க்கிற இடத்தில் நான் நிற்க வேண்டும். "புதுசே போடுங்கக்கா" என்றேன்.

மதுரையிலிருந்து பார்சலில் சனிக்கிழமை மதியம்தான் வந்தது. அருள்மேரி அக்கா பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டார். மேலே போகும் பெட்ரோல் குழாயைத் தூக்கினார். பழையது வர மறுத்தது. நான் அவர் சொன்ன பக்கம் அரைமணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் வந்தது. அதன் வாய் கரியடைத்துக் கிடந்தது. புதியதின் ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவி, ஒரே அழுத்தாக அழுத்தினார். எல்லாவற்றையும் பூட்டி, ஸ்டார்ட் செய்து, குனிந்து மோந்து பார்த்தார். கசிவு இல்லை. வண்டி நடுக்கமில்லாமல் நின்றது.

"புதுசு நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி அடிக்கும். ஓட ஓடச் சரியாயிரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை. கோயில் வாசலில் நிறுத்திக் கதவு சத்தத்தை எண்ணினேன். நான்கு.

தவசி இறங்கி நின்றான். தொப்பை போட்டிருந்தது. காதோரம் நரைத்திருந்தது. டிக்கியைத் திறந்து, கயிறு கட்டிய இரண்டு பெரிய பெட்டிகளையும் ஒரு கம்பளியையும் இறக்கினான்.

"எப்படா வந்த?" என்று இந்திராணி கேட்டாள்.

"இப்பதாங்க்கா. மூணு வருசம் ஓடிப்போச்சு."

"சாப்பாடெல்லாம் ஒழுங்காப் போட்டாங்களா?"

"எங்க? தெனமும் ரொட்டிதான்."

ஆசாரி மணை போட்டிருந்தார். தவசி சப்பணமிட்டு உட்கார்ந்து, நிறைமதிக்கென்று வாங்கிவந்த பட்டுப் பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்து அவளுக்குக் கட்டிவிட்டான். ஏழு வயதுக்கு எடுத்தது. கால் தாண்டித் தரையில் புரண்டது. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் எடை பார்த்தான். அவன் முகம் வாடிவிட்டது.

"என்னக்கா இது, மூணு வருசமா புள்ள வளரவே இல்லையே?"

"எங்கடா ஒழுங்காச் சாப்பிடுறா" என்றாள் இந்திராணி.

நிறைமதி என்னைத் தேடினாள். நான் அவள் எதிரில் போய் நின்றேன். ஆசாரி ஊசியை எடுத்தார்.