பெட்டிக்குள் போன கொப்பி

என் மனைவி ஜெயனியை அடக்கம் செய்தபோது அவளுடைய ஆங்கிலக் கொப்பியையும் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

"ஆசைப்பட்டுப் படிச்சவள். செபமாலையோட அதையும் கையில குடுத்துவிடு தம்பி," என்றார் என் அக்கா அற்புதராணி. முன்பு இப்படித்தான் எங்கள் ஐயாவுக்குச் செபப்புத்தகம் வைத்தோம், அம்மாவுக்கு அவரது முக்காட்டுத் துணி. நான் யோசிக்கவில்லை.

ஜெயனி போர்க்கால இடப்பெயர்வுகளில் பள்ளிக்கூடத்தை விட்டவள். மகள் நிவேதனா ஐந்தாம் வகுப்புக்குப் போனதும், அவளுக்குத் தானே சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று பங்குக் கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். கொப்பியில் ஆங்கிலச் சொல்லை ஒரு பக்கமும் அதன் ஓசையைத் தமிழில் மறுபக்கமும் எழுதுவாள். தமிழ்ப் பக்கம், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத எனக்காக. பின்னேரங்களில் நான் கிழிந்த மீன்வலையைப் பொத்திக்கொண்டு 'போட்', 'ஸ்னோ' என்று கேட்க, அவள் கொப்பியைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதுவாள்.

'ஓ' என்ற ஒரே நீண்ட ஓசைக்கு 'போட்'டின் நடுவில் ஒரு எழுத்துச் சேர்க்கை, 'ஸ்னோ'வின் கடைசியில் இன்னொன்று என்பது அவளைக் குழப்பியது.

"நடுவில நிண்டா நடுக்கடல், கடைசியில நிண்டா கரை. அவ்வளவுதானே," என்றேன்.

"உங்களுக்குச் சோத்துக் கோப்பைக்குள்ளயும் கடல்தான்," என்று சிரித்தாள்.

ஆனால் அதன்பிறகு பிழைவிடவில்லை, 'சோப்' தவிர. அதை எழுதிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடிச் சவர்க்கார உறையைப் பார்ப்பாள். "ஐயோ, திரும்பவும் பிழை!" என்று அங்கிருந்தே கத்துவாள்.

மார்கழியில் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள்தான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்ததும் நிவேதனா அலுமாரியைக் கிளறினாள்.

"அப்பா, அம்மான்ரை கொப்பி எங்கை?"

சொன்னேன்.

"ஏனப்பா? அது எனக்கெண்டெல்லோ எழுதினவ!"

முதல் பக்கத்தில் 'நிவேதனாவுக்கு' என்று இருந்தது. எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பெட்டி மூடும் நேரம் அது நினைவுக்கு வரவில்லை.

இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் புதுக் கொப்பியொன்று வாங்கிவந்து, மனதில் இருந்த ஓசைகளை வரிசையாகத் தமிழில் எழுதத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தவள், பென்சிலோடு வந்து பக்கத்தில் இருந்தாள். றெயின், டே, போட். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் எழுதினாள். கடலையும் கரையையும் சொன்னேன்.

"உது அம்மா சொன்னதோ?"

"இல்லைப் பிள்ளை, நான் சொன்னது. அம்மா சிரிச்சவ."

அடுத்தது 'சோப்'. யோசிக்காமல் எழுதினாள்.

"அம்மா உதை மட்டும் எப்பவும் பிழையாத்தான் எழுதுவா," என்றேன்.

பென்சில் நின்றது. "எப்பிடிப் பிழையா?"

எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலப் பக்கத்தை நான் ஒருநாளும் வாசித்ததில்லை. கிணற்றடியிலிருந்து அவள் கத்துவதைத்தான் கேட்டிருக்கிறேன்.

"தெரியாதம்மா."

அவள் அழிறப்பரை எடுத்து, தான் எழுதியதை அழித்தாள். தூளை ஊதிவிட்டாள். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, முகத்தை என் பக்கம் திருப்பாமலே, "அடுத்ததைச் சொல்லுங்கோ," என்றாள்.