ஆகட்டும் அக்கா ஏழு பேராக வந்த கோடை

"ஒரே ஒரு வருஷம். டீ போட ஆளில்லாம திண்டாடுறாங்க. நீ சமையலறையைப் பார்த்துக்கோ."

"ஒரே வருஷந்தானே?"

"நிச்சயமா. அடுத்த கோடைக்கு உன்னைப் பாட்டுக்குழுவுல சேர்த்துக்கிறேன்."

"ஆகட்டும்."

கல்யாணமாகி இரண்டு மாதமே ஆன ஒரு கணவனும் மனைவியும் ஆலயத்தின் பின்கதவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நின்று பேசிய பேச்சு இது. பேசிப் பதினாறு வருடம் கழித்து, கோடை விடுமுறையின் முதல் திங்கட்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, அந்த மனைவி ஏழு பேராக ஆலயத்துக்கு வந்தாள்.

அதில் அவள் தவறு ஒன்றுமில்லை. ஒவ்வொரு கோடையிலும் அங்கே இரண்டு வாரம் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை நூற்று நாற்பது பிள்ளைகள் ஆடிப் பாடி, வெட்டி ஒட்டி, மூக்கில் வண்ணம் பூசிக்கொண்டு, கொடுத்ததைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வேலையெல்லாம் சபையார் தாமாக முன்வந்து செய்வது. யாருக்கு எங்கே வேலை என்பதைச் சபைச் செயலராக இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒரே பட்டியலாக எழுதி, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். அந்த ஆண்டு அவர் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்ததால், ஏழு பிரிவுகளும் ஏழு பட்டியல்களைத் தனித்தனியாகத் தயாரித்தன. ஏழு பொறுப்பாளர்களும் அவளைத் தனித்தனியாகப் பிடித்தார்கள். ஒருவர் ஆராதனை முடிந்து படியிறங்கும்போது, ஒருவர் பேருந்து நிறுத்தத்தில், ஒருவர் அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்குகிற சாக்கில். எல்லாருக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான். அந்தப் பதிலாலேயே சபையில் அவளுக்கு ஆகட்டும் அக்கா என்று பெயர். ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. சனிக்கிழமை மாலை ஏழு பட்டியலும் பலகையில் ஏறின. கட்டுப் போடாத கண்ணால் படித்த தலைமையாசிரியர், "ஒரு ஆள் ஏழு இடத்துல எப்படிம்மா இருக்க முடியும்?" என்று கேட்டார். அவள் ஏழையும் ஒருமுறை படித்துவிட்டு, "பார்த்துக்கலாம் சார்," என்றாள்.

அவள் கணவர்தான் பாட்டுக்குழுவின் தலைவர். எல்லாரும் பாட்டு வாத்தியார் என்பார்கள். வார நாட்களில் பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று குறிக்கிற வேலை; வேதாகமப் பள்ளி நடக்கிற இரண்டு வாரம் மட்டும் விடுப்பு. திங்கட்கிழமை காலை அவர் தலையைத் துவட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வந்தபோது, கண்ணாடி முன்னால் ஏழு மனைவிகள் ஒரே நீல உடையில் நின்று, ஒரே சீப்பைக் கைமாற்றித் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். அவர் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைத்தான் முதலில் பார்த்தார். "எட்டு இருபது ஆச்சு. எல்லாரும் கிளம்புங்க," என்றார். செருப்பில் மட்டும் சிக்கல் வந்தது. வீட்டில் இருந்த மூன்று ஜோடி மூன்று பேருக்குப் போதும். இருவர் மகளுடையதை மாட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அவருடைய மழைக்காலச் செருப்பில் நடந்தாள். கடைசி ஒருத்தி வெறுங்காலோடு நிழல் பார்த்து ஓடினாள். பதினான்கு வயது மகள் இரண்டே நாளில் ஏழு பேரையும் ஆராய்ந்து, மதில் சுவருக்கு வண்ணமடிக்கிற அம்மாதான் நல்ல மனநிலையில் இருக்கிற அம்மா என்று கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு அனுமதி கேட்கிற எதையும் அவளிடம் மட்டுமே கேட்டாள்.

ஆலயத்தில் பெரிய பரபரப்பு ஏற்படவில்லை. மரியாதைப் பன்மையில் பேசிப் பழகியவர்களுக்கு "அக்கா வந்திருக்காங்க" என்பதில் எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. ஒருத்தி சமையலறைக்குப் போனாள், ஒருத்தி பெயர் பதியும் மேசைக்கு, ஒருத்தி மழலையர் அறைக்கு, ஒருத்தி முதலுதவிப் பெட்டியோடு வேப்பமரத்தடிக்கு. மற்றவர்கள் நாடக உடை தைக்கவும், மண்டபம் பெருக்கவும், மதில் சுவருக்கு வெள்ளை அடிக்கவும் போனார்கள். பத்தரை மணிக்குப் போதகர் அவசரமாக ஒரு கூட்டம் கூட்டினார். ஒரே ஆத்துமாவா, ஏழா என்பதில் அவருக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு, சபை எண்ணிக்கையில் ஒன்று, டீ டம்ளரில் ஏழு என்று முடிவாகி, தலைமையாசிரியர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பாட்டு வாத்தியாரின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், பாட்டுக்குழுவின் முதல் குரல். அவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏழு அண்ணி இருந்தும் ஒரு அண்ணிக்காவது எனக்குச் சர்க்கரை ஆகாதுன்னு ஞாபகம் இல்ல பாருங்க," என்றாள். பன்னிரண்டரை மணிக்கு ஏழு அக்காக்களும் வாசல் கதவருகே வந்தார்கள். அந்தக் கதவு ஒற்றையாள் நுழைகிற அகலம். ஒருத்தி பின் ஒருத்தியாக அதில் நுழைந்த ஏழு பேரும் தெருவில் ஒருத்தியாக இறங்கி, மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த முதல் வாரம் போல ஒரு வாரத்தைச் சபை கண்டதில்லை. ஒரு பிள்ளையும் அழுதபடி வீட்டுக்குப் போகவில்லை. நாடகத்தில் யோனா தீர்க்கதரிசியை விழுங்க வேண்டிய துணித் திமிங்கிலம் மூன்றே நாளில் தைத்து முடிந்து, ஒத்திகையில் யோனாவோடு இரண்டு ஆசிரியைகளையும் சேர்த்து விழுங்கியது. மழலையர் அறையில் தூங்கிய குழந்தைகள் எழுப்பினாலும் எழவில்லை. ஒரே ஒரு தடவை இரண்டு அக்காக்கள் நடைபாதையில் எதிரெதிரே வந்து, "நீ போ", "இல்ல நீ போ" என்று பத்து நிமிடம் நின்றார்கள். அதைத் தவிர எந்தத் தடங்கலும் இல்லை.

இருந்தும் அவளுக்கு ஒரு குறை இருந்தது. வாத்தியார் சொன்ன அடுத்த வருஷம் வரவேயில்லை. இரண்டாம் கோடையில் மகள் வயிற்றில் இருந்தாள், மூன்றாம் கோடையில் இடுப்பில். நாலாவது கோடையில் கையைச் சுட்டுக்கொண்டாள். ஐந்தாவதில் குழுவில் இடம் காலியாகி, அது நாத்தனாருக்குப் போனது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அவள் போடுகிற டீயை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை. அதற்குப் பின் வாத்தியாருக்குத் தான் அப்படிச் சொன்னதே மறந்துவிட்டது. அவள் மறக்கவில்லை. ஆனாலும் கேட்கவில்லை. சொன்ன மனுஷன் தானாகச் செய்யட்டும், வாக்குக் கொடுத்ததைப் போய்க் கேட்டு வாங்குவதா என்று வீம்பாக இருந்தாள். சமையலறை ஜன்னலுக்கு நேரே பாட்டுப் பயிற்சி நடக்கும். பெண்களின் கீழ்க்குரல் வரிசைக்கான பாட்டு முழுவதும் அவளுக்கு மனப்பாடம். பாத்திரம் கழுவும்போது அதை முனகுவாள்.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை, பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, ஆலயத்தின் கடைசி பெஞ்சில் எட்டாவதாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதே நீல உடை. மடியில் பாட்டுப் புத்தகம். எந்தப் பட்டியலிலும் அவள் இல்லை. எந்த வேலையும் செய்யவில்லை. ஆகட்டும் அக்கா சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்ற செய்தி பரவி, ஏழு பேராக வந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள்கூட இதைப் பார்க்க வந்தார்கள். சுவருக்கு வண்ணக் கலவை போட்டுக்கொண்டிருந்த பெயிண்டர் ஏணியோடு உள்ளே வந்து, "அக்கா, சும்மாதானே இருக்கீங்க, இந்த ஏணியைக் கொஞ்சம் பிடிங்களேன்," என்றார். அவள் முடியாது என்று தலையசைத்தாள். பெயிண்டர் ஏணியோடு வெளியே வந்து, டீ வாங்கிக் குடித்துவிட்டு, ஏணியைத் தானே பிடித்துக்கொண்டு ஏறினார். மற்ற ஏழு பேரிடம் கேட்டால், "தெரியலையே" என்று ஏழு விதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மதியம் ஏழு பேரும் ஒருத்தியாகி வீட்டுக்குப் போனார்கள். எட்டாவது ஆள் பெஞ்சிலேயே இருந்தாள்.

அன்றிலிருந்து பாட்டுக்குழுவின் சுருதி இறங்கியது. முதலில் அரைக் கட்டை, வெள்ளிக்கிழமை முழுசாக ஒரு கட்டை. வாத்தியார் ஆர்கனைத் திறந்து பார்த்தார், மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார், ஆண் குரல்களைத் திட்டிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிறைவு விழா. பெற்றோரோடு நானூறு பேர் வருவார்கள். சனிக்கிழமை பயிற்சியில் ஒரு பாட்டு தரையைத் தொடாத குறையாக முடிந்ததும், அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நாம எப்பவாவது ஆர்கன் கேட்டு சுருதி சேர்ந்திருக்கோமா அண்ணா? அண்ணி முனகுறதைக் கேட்டுத்தானே சேருவோம். மூணு நாளா அந்த ஜன்னல்ல சத்தமே இல்ல," என்றாள் நாத்தனார்.

"ஏன் முனகல?"

"முனகுற ஆளுதான் அங்க பெஞ்சுல உட்கார்ந்திருக்கே. அவங்களுக்குப் பாடணும்ணா. இதுகூடவா தெரியாது? சேர்த்துக்கிறேன்னு நீயே சொல்லியிருக்க. மாசத்துக்கு ஒரு தடவை என்கிட்ட சொல்லிப் புலம்புவாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேக்குற ஆளா அவங்க? இந்த வீட்டுல வாக்கப்பட்டு வந்ததுலேருந்து ஒரு டம்ளர் தண்ணி கேட்டு நான் பார்த்ததில்ல."

வாத்தியார் எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனார். பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும், அவள் பக்கத்தில் உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியும் பின்கதவும் இப்போது நன்றாகவே ஞாபகம் வந்திருந்தன.

"தப்பு என்மேலதான். வா, வந்து பாடு," என்றார்.

எட்டாவது ஆள் எழ முயன்றாள். முடியவில்லை. "நான் மட்டும் எப்படி வர்றது? என்னோட குரல் கொஞ்சம் சமையலறையில இருக்கு, கொஞ்சம் தொட்டில்கிட்ட இருக்கு, கொஞ்சம் மதில் சுவர்ல காயுது. அவங்க ஏழு பேரும் வரட்டும். அப்புறம் நானே உங்ககிட்ட கேட்டுக்கிறேன். நீங்களா கொடுக்க வேணாம். இத்தனை வருஷம் வீம்பு பிடிச்சது போதும்னு ஆயிருச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வாத்தியார் சமையலறைக்குள் நுழைந்து, "அந்தக் கரண்டியைக் கொடு," என்றார். அவர் போட்ட டீ பற்றிச் சபைக் குறிப்பேட்டில் எதுவும் எழுத வேண்டாம் என்று பின்னர் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. மழலையர் அறையைப் போதகரின் மனைவி எடுத்துக்கொண்டார். பெயர் பதியும் மேசைக்கு மகள் போனாள். முதலுதவிப் பெட்டியை, ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற பெயிண்டரே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். ஊசி நூல் நாத்தனார் கைக்கும், துடைப்பம் போதகர் கைக்கும் போயின. வண்ணம் காயாத மதில் சுவரைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தலைமையாசிரியருக்கு வந்தது. கட்டுப் போட்ட கண் இருந்த பக்கமாக வந்து பிள்ளைகள் பதித்த நாற்பத்தொரு கை அடையாளங்கள் இன்றைக்கும் அந்தச் சுவரில் இருக்கின்றன. அதற்குப் பிறகு யாரும் அதற்கு வெள்ளை அடிக்கவில்லை.

வேலை கைவிட்டுப் போன ஏழு பேருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதலில் வண்ணமடித்தவள் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் எட்டாவது ஆள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். இடம் நெருக்கடியாகவில்லை. அப்புறம் தைத்தவள், பெருக்கியவள், குழந்தை பார்த்தவள். ஒவ்வொருத்தியாக வந்து அதே இடத்தில் உட்கார உட்கார, பக்கத்திலிருந்தவர் தண்ணீர் கொதி வருவதற்கு முன் கேட்கிற மாதிரி ஒரு மெல்லிய முனகலைக் கேட்டார். சமையலறைக்காரிதான் கடைசி. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவளும் உட்கார்ந்ததும், ஆர்கன் தானாக ஒரு தடவை செருமியது.

திமிங்கிலம் யோனாவை ஒழுங்காகக் கக்க, பிள்ளைகள் கைதட்டு வாங்க, நாடகம் முடிந்தது. பாட்டுக்குழு எழுந்து நின்றது. அதற்கு முன் போதகர் வழக்கம்போல, "யாருக்காவது ஜெப விண்ணப்பம் இருந்தா எழுந்து சொல்லலாம்," என்றார். மூட்டுவலிக்காக ஒருவரும் மகனின் தேர்வுக்காக ஒருவரும் சொன்னார்கள். பிறகு கடைசி பெஞ்சில் ஆகட்டும் அக்கா எழுந்தாள். நானூறு தலைகள் திரும்பின. மூக்கில் சரிகிற கண்ணாடியைத் தள்ளிவிடக்கூட வாத்தியாருக்குத் தோன்றவில்லை. கீழ்க்குரல் வரிசைப் பெண்கள், யாரும் சொல்லாமலே, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு விலகி நின்றுகொண்டார்கள். அவள் தொண்டையைச் சரிசெய்தாள். எட்டு பேருடைய குரலும் ஒன்றாக, ஆனால் அவளுடைய ஒரே குரலாக, வெளியே வந்தது.

"விண்ணப்பம் ஆண்டவர்கிட்ட இல்ல பாஸ்டர், அங்க நிக்கிற மனுஷன்கிட்ட. ஏங்க, எனக்குப் பாடணும். என்னை உங்க குழுவுல சேர்த்துக்கோங்க."